தீட்டும் கூலியும்

(தில்லி முனிர்காவில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் மாணவர்களும் பங்கேற்ற கூட்டத்தில் 2025 நவம்பரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்தின் அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பும் எனக்கே வந்தது. இந்தியில் அமைந்திருந்த தலைப்பை அப்படியே பெயர்த்தால் ‘மாதவிடாய்த் தூய்மை விழிப்புணர்வுக் கூட்டம்’ என்று வரும். முப்பதாண்டுகளாகக் கட்சி ஏடுகளுக்கு மொழிபெயர்த்து வருபவள் நான். இப்படிப்பட்ட தலைப்பை ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடலாம். ஆனால் இம்முறை பேனா நின்றுவிட்டது. ‘தூய்மை’ என்று எழுதிய கணமே, அது தூய்மையற்றது என்ற பழைய கருத்து பின்வாசல் வழியாக உள்ளே வந்து அமர்ந்துகொள்கிறது. ஆகவே அச்சொல்லை அடித்துவிட்டு ‘மாதவிடாய் நலம்’ என்று எழுதினேன். ‘விழிப்புணர்வு’ என்பதையும் அடித்தேன். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சொற்களிலிருந்து தொடங்குவதற்கு என்னை மன்னிக்க வேண்டும். தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு வேறு தொடக்கம் தெரியாது. இதற்கு நம் மொழியில் எத்தனை சொற்கள்! தூரம், வீட்டுக்கு விலக்கு, மாதவிலக்கு, ஒதுக்கம், தீட்டு. இவற்றுள் ஒன்றேனும் உடலில் நிகழ்வதைச் சொல்கிறதா? பெண்ணை எங்கே வைக்கவேண்டும் என்பதை மட்டுமே இவை சொல்கின்றன. ‘விடாய்’ என்றால் களைப்பு, தாகம் என்று பொருள். அந்த வகையில் ‘மாதவிடாய்’ ஒன்றே பெண்ணின் பக்கம் நின்று பேசும் சொல். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துண்டறிக்கையில் நான் ‘மாதவிலக்கு’ என்று எழுதியிருந்தேன். வீட்டுவேலை செய்யும் மூத்த தோழர் ஒருவர் அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, “யாரை யாரு விலக்குறது அம்மா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அச்சொல்லை நான் எழுதுவதில்லை.

இவ்விலக்கல் இடையில் வந்தது, நம் பண்டைத் தமிழர் வாழ்வில் இல்லாதது என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. அப்படிச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. போர்க்களத்தில் தயங்கி நிற்கும் குதிரைகளுக்கு உவமையாக, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்களைப் புறநானூற்றின் 299ஆம் பாட்டு காட்டுகிறது. பாடியவர் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர். உவமையாகச் சொன்னவுடன் கேட்பவருக்கு விளங்கும் அளவிற்கு அவ்வழக்கம் அன்றே வேரூன்றியிருந்தது. தொல்காப்பியத்தின் கற்பியலோ ‘பூப்பு’ என்று அழகாகச் சொல்லி, அந்நாட்களையொட்டிக் கணவன் எத்தனை நாள் பிரியாதிருக்க வேண்டும் என்று விதி வகுக்கிறது. அங்கும் பேச்சு மகப்பேற்றைப் பற்றியதே. பெண்ணின் வலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பழைய கதை போதும், இந்த ஆண்டுக்கு வருவோம். கடந்த ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில், எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு தலித் சிறுமி பூப்பெய்திய சில நாட்களில் ஆண்டுத் தேர்வு எழுத வந்தாள். தனியார் பள்ளி. அவளை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்த்தித் தேர்வெழுத வைத்தார்கள். தாய் தன் கைபேசியில் அதைப் படம் பிடித்தார். அக்காட்சியை நாடே பார்த்தது. தாயே தனியிடம் கேட்டார் என்றது பள்ளித் தரப்பு. தனியாக அமர்த்தச் சொன்னேன், படியில் உட்கார வைக்கவா சொன்னேன் என்று தாய் கேட்டார். தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வழக்கும் பதிவானது. தோழர்களே, இதில் என்னை உறுத்துவது பள்ளியின் செயல் மட்டுமன்று. தாயும் தனியிடம் கேட்கும் நிலையில்தானே இருந்தார்? ஊரின் கண்ணுக்கு அஞ்சிய அந்தத் தாய்க்கும், அதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்ட நிறுவனத்துக்கும் நடுவே அந்தக் குழந்தை படிக்கட்டில் அமர்ந்து அறிவியல் தேர்வு எழுதியது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு என்ற ஊரில், பூப்பெய்தியதால் வீட்டை ஒட்டிய தனிக்குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி, குடிசைமீது தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். டெல்டாவில் அன்று இலட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. அவற்றுள் ஒன்று விழுந்த இடத்தில் ஒரு குழந்தை இருந்ததற்குக் காரணம் புயல் அன்று. மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் கூவலாபுரம் போன்ற ஊர்களில் ‘முட்டுத்துறை’ என்ற பெயரில் இன்றும் பொது ஒதுக்கிடங்கள் இருக்கின்றன. ஓய்வுக்காகவே பெண்களைத் தனியே வைத்தார்கள் என்று விளக்கம் சொல்லப்படுகிறது. வயல் வேலைக்கு மட்டும் அந்நாட்களிலும் விலக்கு கிடையாது என்பதை அவ்விளக்கம் மறைத்துவிடுகிறது. அடுப்படிக்கும் சாமிக்கும் தீட்டு, களத்து மேட்டுக்குத் தீட்டில்லை!

தீட்டு என்ற இச்சொல்லைச் சாதியிலிருந்து பிரித்துப் பேசவே முடியாது. ஊரின் தீட்டுத் துணிகளைத் துவைத்தவர் யார்? பூப்பெய்திய பெண்ணுக்கு மாற்றுத்துணி கொண்டுவந்தவர் யார்? வண்ணார், அவர்களுக்கும் கீழே தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார். பார்த்தாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட இந்தப் பெண்களின் கைகளைக் கொண்டுதான் ஊர் தன் தீட்டைக் கழுவிக்கொண்டது. கூலியாகக் கிடைத்தது இராச்சோறு. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ படித்தவர்களுக்கு அவ்வாழ்க்கை தெரிந்திருக்கும். இன்று துணி போய் நாப்கின் வந்துவிட்டது. கைகள் மாறினவா? குப்பையிலிருந்து அதைக் கையால் பிரித்தெடுப்பவர்கள் நம் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்று இந்த அவைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாப்கின் தயாரிக்கும் நிறுவனங்கள் அப்புறப்படுத்துவதற்கான உறையையும் தரவேண்டும் என்றன. எத்தனை பேர் வாங்கும் பொட்டலத்தில் அந்த உறை இருக்கிறது? 2013இல் புனே நகரத்துக் குப்பை பொறுக்கும் பெண்களின் கூட்டுறவு அமைப்பு ஒரு காரியம் செய்தது. பயன்படுத்திய நாப்கின்களை மூட்டைகட்டி, உற்பத்தி செய்த பெருநிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பியது. எனக்கு மிகவும் பிடித்த போராட்ட வடிவங்களுள் அதுவும் ஒன்று.

அறியாமையா, இல்லாமையா?

‘விழிப்புணர்வு’ என்ற சொல்லை ஏன் அடித்தேன் என்று இப்போது சொல்கிறேன். கிராமப்புறப் பெண்களுக்குத் தெரியவில்லை, நாம் சென்று தெரிவிக்கவேண்டும் என்று அச்சொல் கருதிக்கொள்கிறது. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் முகாம்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மணி நேர உரை, ஒரு இலவசப் பொட்டலம், ஒரு புகைப்படம். அடுத்த மாதத்திற்கான பொட்டலம் கடையில் விலைக்கு.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் சுமார் 77 விழுக்காட்டினர் சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துகின்றனர். அதற்கு முந்தைய ஆய்வில் இது 57.6 விழுக்காடாக இருந்தது. நகரத்தில் 89, கிராமத்தில் 72. தமிழ்நாட்டில் 98, பீகாரில் 59. முன்னேற்றத்தை மறுப்பது நம் வேலையன்று. ஆனால் இந்த எண்கள் எதை அளக்கின்றன என்று பார்க்கவேண்டும். என்ன பொருளை அணிகிறார்கள் என்பதை மட்டுமே அளக்கின்றன. அதை எங்கே மாற்றுகிறார்கள், நாளில் எத்தனை முறை, கை கழுவத் தண்ணீர் உண்டா, கதவுக்குத் தாழ் உண்டா என்பவை இக்கணக்கில் இல்லை. 24 வயதைக் கடந்த பெண் இக்கணக்கில் இல்லவே இல்லை. முப்பத்தெட்டு வயதில் நடவு நடும் பெண்ணுக்கு மாதவிடாய் வருவதில்லையா?

துணியைப் பற்றியும் ஒரு சொல். இதே ஆய்வில் பாதிப் பெண்கள் துணியும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். துணி என்பதாலேயே அது கேடன்று. நல்ல பருத்தித் துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தினால் தீங்கில்லை. அந்த வெயிலைத்தான் நாம் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. என் சிறுவயதில் எங்கள் வீட்டுக் கூரையின் இறவாணத்தில், கீற்றுக்கு உள்ளே, அம்மாவின் துணி செருகிவைத்திருக்கும். மழைக்காலத்தில் அது காயவே காயாது. ஈரத்தோடு அதையே எடுத்துக் கட்டிக்கொண்டு களையெடுக்கப் போவார். தொடை உராய்ந்து புண்ணாகி, நடையை மாற்றி நடப்பார். வெயிலில் காயவைக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியாதா? கொடியில் போட்டால் யார் கண்ணில் படும் என்பதும் தெரியும். இங்கே முனிர்காவில் நான்கு மாடிக்குமேல் பொது மொட்டைமாடி உள்ள வாடகை வீடுகளில் குடியிருக்கும் தங்கைகளும், அத்துணியின்மேல் இன்னொரு துணியை மூடித்தான் காயவைக்கிறார்கள். முதுகலைப் பட்டம் பெற்ற நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தேன்.

பள்ளிகளுக்கு வருவோம். பெண் குழந்தைகளுக்கெனத் தனிக் கழிப்பறை நாட்டின் 97.5 விழுக்காடு பள்ளிகளில் இருப்பதாக ஒன்றிய அரசு 2024இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. தில்லியில் நூற்றுக்கு நூறு. பெண் குழந்தைகளுக்கு இலவச நாப்கினும் தனிக் கழிப்பறையும் கோரி ஜெயா தாக்கூர் தொடுத்த வழக்கு அது. நாடு முழுமைக்கும் ஒரே சீரான கொள்கை வகுக்குமாறு 2023 ஏப்ரல் 10 அன்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளைக் கேட்கிறேன்: உங்கள் பள்ளிக் கழிப்பறையில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் வருகிறதா? போடுவதற்கு மூடியுள்ள கூடை இருக்கிறதா? அதைத் தினமும் எடுத்துச்செல்ல ஆள் இருக்கிறாரா, அவருக்குச் சம்பளம் வருகிறதா? சுவர் இருப்பதைக் கணக்கெடுத்தவர்கள் குழாயைக் கணக்கெடுக்கவில்லை.

வரியும் விலையும்

நாப்கின் அரசியலில் நம் முனிர்காவுக்கும் ஒரு பங்குண்டு. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, குங்குமம், பொட்டு, கண்மை, வளையல் ஆகியவற்றுக்கு வரி இல்லை. நாப்கினுக்கு 12 விழுக்காடு! பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஜர்மினா இஸ்ரார் கான் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 31 பேர் கொண்ட வரி மன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பல திசைகளிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தபின் 2018 ஜூலை 21 அன்று வரி நீக்கப்பட்டது.

விலை முழு அளவில் குறைந்ததா? இல்லை. விற்பனைக்கு வரிவிலக்கு தரப்பட்டது. மூலப்பொருள்களுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி அதோடு போய்விட்டது. பெருநிறுவனங்கள் இதைத் தாங்கும், விலையில் ஏற்றும். கிராமத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சிறு உற்பத்திக் குழு எப்படித் தாங்கும்? கோவை அருணாசலம் முருகானந்தம் இத்தகைய குழுக்களுக்காகவே மலிவான எந்திரத்தை உருவாக்கினார். மனைவி துணியை ஒளித்துச் செல்வதைக் கண்டு தொடங்கிய முயற்சி, ஊர் அவரைப் பித்தன் என்று ஒதுக்கிய காலம், 2016இல் பத்மஸ்ரீ, பின்னர் இந்தித் திரைப்படம் எல்லாம் நீங்கள் அறிந்தவை. தில்லியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஹாபூர் மாவட்டத்துக் காத்திகேடா கிராமத்தில் அவருடைய எந்திரத்தை இயக்கிய பெண்களைப் பற்றிய ஆவணப்படம் 2019இல் ஆஸ்கர் விருது பெற்றது. அந்தப் படத்தில் என் நினைவில் நிற்பது எந்திரமன்று. மாதவிடாய் என்றால் என்ன என்று கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கும் சிறுமிகளும், அது ஏதோ நோய் என்று சொல்லும் இளைஞனுமே நினைவில் நிற்கிறார்கள். முருகானந்தத்தின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு தனிமனிதனின் விடாமுயற்சி பற்றிய கதையைச் சொல்லி அரசு தன் கடமையிலிருந்து நழுவிவிடக் கூடாது.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 2011இல் அறிவிக்கப்பட்டு 2012இல் செயலுக்கு வந்த ‘புதுயுகம்’ திட்டத்தில், 10 முதல் 19 வயதுவரையுள்ள கிராமப்புறப் பெண் குழந்தைகளுக்கு நாப்கின் இலவசமாக வழங்கப்பட்டது. மகப்பேற்றுக்கு அரசு மருத்துவமனைக்கு வரும் தாய்மார்களும் சிறையிலுள்ள பெண்களும் அதில் சேர்க்கப்பட்டனர். அன்றைய அ.தி.மு.க. அரசோடு நமக்கு ஆயிரம் மோதல்கள் இருந்தன. இத்திட்டத்தைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. கணக்கையும் பார்க்கவேண்டும் அல்லவா? இரண்டு மாதத்திற்கு மூன்று பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஆறு. மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாள் போக்கு உள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரண்டுகூட வரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று சுவரொட்டி சொல்கிறது. சுவரொட்டியை அச்சிட்டவரும் பொட்டலத்தை எண்ணியவரும் ஒரே அரசுதான்.

ஒன்றிய அரசின் மாதவிடாய்ச் சுகாதாரத் திட்டம் 2011இல் 17 மாநிலங்களின் 107 மாவட்டங்களில் தொடங்கியது. ஆறு நாப்கின் கொண்ட பொட்டலத்தை ஆறு ரூபாய்க்கு விற்பது ஆஷா ஊழியரின் பொறுப்பு. ஒரு பொட்டலம் விற்றால் அவருக்கு ஒரு ரூபாய், மாதம் ஒரு பொட்டலம் இலவசம். ஊர் ஊராக நடந்து, வீட்டுத் திண்ணையில் மாமியாரின் முறைப்பைத் தாங்கி, மருமகளிடம் தாழ்ந்த குரலில் பேசி விற்கும் உழைப்புக்கு இந்த நாடு வைத்த விலை ஒரு ரூபாய். அவரை ஊழியர் என்று சொல்லவும் அரசுக்கு மனமில்லை, ‘தன்னார்வலர்’ என்கிறது. 2019 முதல் மக்கள் மருந்தகங்களில் ‘சுவிதா’ நாப்கின் ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்லதே. அதை வாங்கக் கிராமத்துப் பெண் பேருந்துக்குக் காசு கொடுத்து வரவேண்டும் என்றால் அது ஒரு ரூபாயா?

கேரளத்தில் வேறொரு வழி பார்த்தார்கள். 2019இல் ஆலப்புழை நகராட்சி, பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேருடன் சேர்ந்து 5,000 பெண்களுக்கு மாதவிடாய்க் கிண்ணம் வழங்கும் ‘திங்கள்’ திட்டத்தை நடத்தியது. பல ஆண்டுகள் உழைக்கும் பொருள், குப்பையும் குறைவு. ஆனால் அதைக் கழுவவும் கொதிக்க வைக்கவும் தண்ணீரும் தனிமையும் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம் பாருங்கள்.

உழைக்கும் உடல்

நான் முக்கியமாகப் பேச வந்தது இதைத்தான். மாதவிடாயை வீட்டு விவகாரமாகவும் பள்ளி விவகாரமாகவும் பேசுகிறோம், வேலையிட விவகாரமாகப் பேசுவதில்லை.

மராட்டியத்தின் பீட் மாவட்டம். மழை பொய்த்த ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டக் குடும்பங்கள் புலம்பெயர்கின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கூலி அலகு; அதற்குப் பெயர் ‘கொய்த்தா’, அதாவது அரிவாள். ஒப்பந்தக்காரர் முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வார். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு, நாளுக்கு 500 ரூபாய் வரை அபராதம் பிடிக்கிறார்கள். தங்குவது வயலோரத்துக் கூடாரங்களில். கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை. ஈரத் துணியோடு விடியுமுன் தொடங்கி வெட்டுவது, கட்டுவது, தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுவது. நோய்த்தொற்று வருகிறது, வெள்ளைப்படுகிறது, வலி வருகிறது. தனியார் மருத்துவர் ஒரே வழி சொல்கிறார்: கருப்பையை எடுத்துவிடுங்கள். கடன் வாங்கி எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடனை அடைக்க மறுபடியும் கரும்பு வெட்டப் போகிறார்கள். 2019இல் நீலம் கோர்ஹே தலைமையில் அமைக்கப்பட்ட குழு, கணக்கெடுக்கப்பட்ட 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் எனக் கண்டது. ஆறில் ஒருவர்! அவர்களுள் பலர் நாற்பது வயதைத் தொடாதவர்கள். முதலாளித்துவம் உழைப்பை மட்டுமா உறிஞ்சுகிறது? உழைப்புக்கு இடையூறாக உள்ள உறுப்பையும் அறுத்தெடுக்கச் சொல்கிறது, அதற்கான செலவையும் தொழிலாளியின் தலையிலேயே கட்டுகிறது.

நம் ஊர் இதற்கு விலக்கா? 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் விசாரித்து ஒரு செய்தியை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் கண்காணிப்பாளர்கள் ஒரு மாத்திரையைத் தருகிறார்கள். அதன் பெயர் என்ன, பின்விளைவு என்ன என்பது யாருக்கும் தெரியாது. மருத்துவர் கிடையாது. வலி அடங்கினால் எந்திரம் நிற்காது, அவ்வளவே. இப்படித் தைக்கப்பட்ட சட்டையை நாமும் அணிந்திருக்கலாம்.

இனி முனிர்காவுக்கு வருகிறேன். விடிகாலையில் இந்தச் சந்துகளிலிருந்து வசந்த விஹாருக்கும் ராமகிருஷ்ணாபுரத்துக்கும் வேலைக்குச் செல்லும் அக்காமார்களே, உங்கள் அனுமதியோடு நீங்கள் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். நான்கு வீடுகளில் வேலை, நான்கு வீடுகளிலும் குளியலறையைத் தேய்த்துக் கழுவுவது உங்கள் கை. அந்தக் கழிப்பறையை நீங்கள் பயன்படுத்தக் கூடாது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு அணிந்ததை வீடு திரும்பிய பின்பே, பிற்பகல் இரண்டு மணிக்கு, மாற்றுகிறீர்கள். கறை படிந்துவிடுமோ என்று அந்நாட்களில் கருநிறச் சேலையை எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள். ஒரு தோழர் சொன்னார்: “சோபாவுல உட்காரச் சொன்னாக்கூட நான் உட்கார மாட்டேன் அக்கா, பயம்.” இவருக்கா விழிப்புணர்வு இல்லை?

வீட்டுவேலைத் தொழிலாளர்க்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. இத்தொழிலாளர்களுக்குத் தனிச்சட்டம் பற்றி ஆராயுமாறு உச்சநீதிமன்றம் கடந்த ஜனவரியில் ஒன்றிய அரசுக்குச் சொன்னது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. வேலை நடக்கும் இடம் ஒருவரின் வீடாக இருந்தால் அந்தச் சட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. தலைக்கு மேலிருந்த கூரையும் போனால் என்ன ஆகும் என்பதை ஜங்க்புரா மதராசி முகாமைச் சேர்ந்த நம் மக்கள் கடந்த ஜூன் 1 அன்று கண்டார்கள். பல தலைமுறைகளாக வாழ்ந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்கே தொலைதூர நரேலாவில் மாற்றுவீடு. புல்டோசர் வந்த அன்று தெருவில் நின்ற பெண்களில் எத்தனை பேருக்கு அது அந்த நாளாக இருந்திருக்கும் என்று எந்த அதிகாரியும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

விடுப்பும் சான்றும்

மாதவிடாய் விடுப்பு பற்றி மாணவத் தோழர்கள் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். பீகாரில் 1992 முதல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு உண்டு. பெண் ஊழியர்கள் போராடிப் பெற்றது. கேரளத்தில் 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவியருக்கு வருகைப்பதிவில் இரண்டு விழுக்காடு சலுகை தந்தது. இடது ஜனநாயக முன்னணி அரசு அதை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. கருநாடக அமைச்சரவை கடந்த மாதம், தனியார் துறையையும் சேர்த்து, மாதம் ஒருநாள் ஊதியத்துடன் விடுப்பு என்று முடிவு செய்துள்ளது. மாறாக, 2023 டிசம்பரில் மாநிலங்களவையில் அன்றைய அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஓர் ஊனமன்று, தனி விடுப்புத் தேவையில்லை என்றார். ஊனமன்று என்பது சரி. கருப்பை அகற்றிய 13,861 பெண்களின் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

விடுப்புக் கொடுத்தால் பெண்களை வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்ற அச்சம் நம் தோழர்களிடமும் உண்டு. அது வெறும் கற்பனையன்று. மகப்பேற்று விடுப்புக்கும் இதையே சொன்னார்கள், இன்றும் சில முதலாளிகள் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். ஆயினும் முதலாளி பாகுபாடு காட்டுவார் என்பதற்காக உரிமையைக் கைவிடுவது தொழிற்சங்க வழியன்று என்பதே என் கருத்து. என் தயக்கம் வேறொன்று. நூற்றில் தொண்ணூறு பெண்கள் முறைசாராத் துறையில் இருக்கும் நாட்டில், கூலி உத்தரவாதம் இல்லாத விடுப்பு யாருக்குப் பயன்படும்? நாளுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கப்படும் பெண்ணுக்கு விடுப்பு என்பது பட்டினி.

சான்று கேட்பது இன்னோர் ஆபத்து. கடந்த அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள ரோத்தக். மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகத்துக்கு ஆளுநர் வருகிறார் என்று துப்புரவுப் பெண் தொழிலாளர்களை விடுமுறை நாளில் அழைத்தார்கள். மாதவிடாய் என்பதால் வேகமாகச் செய்ய இயலவில்லை என்று சிலர் சொன்னார்கள். அதற்கு மேற்பார்வையாளர்கள் கேட்டது என்ன தெரியுமா? அவர்கள் அணிந்திருந்த நாப்கினின் புகைப்படம். கழிப்பறைக்குள் சென்று படம் எடுத்துக் காட்டச் செய்தார்கள். எதிர்ப்பு வெடித்தது, வழக்குப் பதிவானது. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பூஜ் நகரில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் 68 மாணவியரின் உள்ளாடையைக் களையச் செய்து சோதித்தார்கள். அவர்கள் சமையலறைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைந்துவிட்டார்களாம். ஒன்றில் தீட்டு, மற்றொன்றில் கூலி. இரண்டிலும் பெண்ணின் சொல் நம்பத் தகாதது, அவள் உடலே சாட்சி சொல்லவேண்டும் என்கிறார்கள்.

நம் முனிர்கா பேருந்து நிறுத்தத்தில்தான் 2012 டிசம்பர் 16 இரவு அந்தப் பெண் பேருந்தில் ஏறினார். அடுத்த சில வாரங்கள் தில்லித் தெருக்களில் இருந்தவர்களுக்குத் தெரியும், அதுவரை வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லாத சொற்களைப் பெண்கள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தந்தையரும் அண்ணன்மாரும் நின்று கேட்டார்கள். அந்தக் கூச்சம் உடைந்ததுபோல் இந்தக் கூச்சமும் உடையும். இந்த அவையின் பின்வரிசையில் ஆண் தோழர்கள் எழுந்து போகாமல் இதுவரை அமர்ந்திருப்பதையே நான் நல்ல தொடக்கமாகக் கொள்கிறேன். ஒரு வேண்டுகோள்: கடையில் நாப்கின் வாங்கும்போது அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள். அந்தப் பை வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கடைக்காரர் முறைக்க மாட்டார்.

கோரிக்கை மனுவை இந்தியிலும் தமிழிலும் அச்சிட்டுள்ளோம். பெண்கள் வேலைசெய்யும் குடியிருப்பு வளாகங்கள் ஒவ்வொன்றிலும் வாயிலருகே தாழுள்ள, தண்ணீருள்ள கழிப்பறை. ஊதியத்துடன், சான்று கேட்காத விடுப்பு. வீட்டுவேலைத் தொழிலாளர்க்குத் தனிச்சட்டம். நியாயவிலைக் கடையில் வயது வரம்பின்றி இலவச நாப்கின். துப்புரவுத் தொழிலாளர்க்குக் கையுறையும், தயாரிப்பு நிறுவனங்களின் செலவில் உறையும் என்று அதில் எழுதியிருக்கிறோம். நரேலாவுக்குச் சென்ற குடும்பங்களின் தண்ணீர்ப் பிரச்சினையையும் சேர்க்கவேண்டும் என்று இப்போது ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார், சேர்த்துவிடலாம். படிவங்கள் வாசலருகே மேசைமீது உள்ளன. எழுதத் தெரியாத அம்மாக்களுக்கு எழுதித்தர இரண்டு மாணவிகள் அங்கே இருப்பார்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வளாகம் வளாகமாகச் சென்று, எங்கே கழிப்பறை இருக்கிறது, எங்கே பூட்டியிருக்கிறது என்று கணக்கெடுக்கப் போகிறோம். வர இயன்றவர்கள் தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.